தலைக்கு மேலே போன பேச்சு

பேராக்கின் மின்கதை – தொடர் 14

சென்ற இதழைச் செண்டரோ அணையில் தண்ணீர் நிறைந்த இடத்தில் நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் ஈயம் தோண்டும் கப்பல்களுக்கு மின்சாரம் போன கதை என்று குறிப்பும் எடுத்து வைத்திருந்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டே போனதில் வேறொன்று காலைச் சுற்றிக்கொண்டது. மின்சாரம் போன கம்பியிலேயே போன பேச்சு அது. கப்பல்கள் ஒரு வாரம் காத்திருக்கட்டும்.

சுங்கை சிப்புட் பக்கம் நான் வளர்ந்த தோட்டத்தைக் குறுக்காக வெட்டிக்கொண்டு ‘பெரிய கம்பி’ போனது. அதன் கீழே பால்மரம் வைக்க விடமாட்டார்கள். லாலாங் புல் மட்டும் மண்டிக் கிடக்கும். விடியற்காலைப் பனியில் கம்பி உஸ்ஸென்று பொரியும். பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு மரம் வெட்டப் போகும் அப்பா, டிரான்சிஸ்டரைக் கிளையில் மாட்டித் தமிழ் ஒலிபரப்பைப் போட்டுவிடுவார். அவருடைய நெரை பெரிய கம்பியை நெருங்க நெருங்கப் பாட்டு கரகரத்து, கடைசியில் வெறும் இரைச்சலாகிவிடும். “பெரிய கம்பி பாட்டைத் தின்னுது” என்பார். 1,32,000 வோல்ட் எங்கள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. எங்கள் லயத்து விளக்கோ தோட்டத்து எஞ்சின் கொட்டகையை நம்பியிருந்தது. இரவு பத்து மணிக்கு அது அடங்கிவிடும்.

அந்த டிரான்சிஸ்டரின் முள் இடது கோடியில் 530 கிலோஹெர்ட்ஸில் போய் முட்டி நிற்கும். அதற்குக் கீழே இறங்காது. இறங்கியிருந்தால், பாட்டைத் தின்ற கம்பியில் ஆள்கள் பேசிக்கொண்டிருந்தது கேட்டிருக்கும் என்று அப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெளிவாகக் கேட்டிருக்காது என்பது வேறு விஷயம். சாதாரண ரேடியோவில் அந்த வகைக் குரல் வாத்து கத்துவதுபோல் ஒலிக்கும்.

ஒரு மின் நிறுவனத்துக்குப் பேச வேண்டிய அவசியம் எங்கிருந்து வந்தது? பேராக்கில் அதற்கு விடை எளிது. பேராக் நதி நீர்மின் நிறுவனம் லண்டனில் 1926-இல் தொடங்கப்பட்டது. 1930-இல் செண்டரோ நிலையம் ஓடத் தொடங்கியது. ஈப்போவுக்கு வடக்கே ஆற்றில் அணை, தெற்கே மாலிம் நாவாரில் நீராவி நிலையம், இரண்டுக்கும் நடுவே கிந்தா பள்ளத்தாக்கு முழுக்க ஈய லம்பங்கள். ஈயக் கப்பலின் வாளிச் சங்கிலி ஒரு பாறையில் சிக்கினால் அதன் மோட்டார் திணறும்; நிறுத்தினால் சுமை சட்டென்று குறையும். அந்த அசைவு கம்பி வழியாகத் தொலைவில் சுழலும் எந்திரங்களுக்குத் தெரிந்துவிடும். ஆனால் எந்திரத்துக்குத் தெரிந்தது அதன் பக்கத்தில் நிற்கிற மனிதனுக்குப் புரிய வேண்டுமே! ஏன் குறைந்தது, எவ்வளவு நேரத்துக்கு, மதகைத் திறப்பதா மூடுவதா? ஊர்த் தபால் இலாகாவின் தொலைபேசிக் கம்பி மரம் விழுந்தால் அறுந்துபோகும். புயல் மழையில் மின்சாரம் தடுமாறும் அதே நேரத்தில்தான் அதுவும் அறுந்துபோகும். அதனால் உலகம் முழுக்க மின் நிறுவனங்கள் தங்களுக்கென்று தனிப் பேச்சு வழி தேடின.

பேச்சு என்றதும் பேராக் ஆள்களுக்குப் பாப்பான் நினைவுக்கு வராமல் இருக்காது. ஜப்பானியர் காலத்தில் அந்தச் சின்ன ஈய ஊரில் சிபில் கார்த்திகேசு வானொலிப் பெட்டியை ஒளித்து வைத்து பிபிசி செய்தி கேட்டார். கணவர் டாக்டர் கார்த்திகேசு தைப்பிங் தமிழர். பெட்டிக்கு அவர்கள் வைத்த செல்லப் பெயர் ஜோசஃபின். கேட்டதற்கும் கொரில்லாக்களுக்கு மருத்துவம் பார்த்ததற்கும் 1943-இல் கைதாகிப் பட்ட சித்திரவதையில் சிபிலின் உடல் திரும்பி எழவே இல்லை. ஜார்ஜ் பதக்கம் பெற்றவர் 1948 ஜூன் 12-ஆம் தேதி பிரிட்டனில் இறந்தார். நான்கு நாள் கழித்து, ஜூன் 16-ஆம் தேதி, சுங்கை சிப்புட்டில் எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் பிறந்தது. அலைவரிசை என்பது பாட்டுக் கேட்கும் சமாசாரம் மட்டுமல்ல என்பதை இந்த மாநிலம் ஒரு பத்தாண்டுக்குள் இரண்டு முறை கற்றது.

அவசரகாலத்தில் ரேடியோ தோட்டத்துக்குள் வந்தது. துரை பங்களாவின் தாழ்வாரத்துக்கு வந்தது. அங்கிருந்து போலீஸ் நிலையத்துக்கு நேராகப் பேசலாம். லயத்துக்கு வந்தது முள்வேலி. சிதறிக் கிடந்த லயங்களை ஒன்றாகக் குவித்து வேலிக்குள் அடைத்தார்கள். 1950-இன் தொலைத்தொடர்புச் சட்டம் யார் எந்த அலையில் பேசலாம் என்பதை உரிமத்துக்குள் வைத்தது. அதற்கு முந்தின ஆண்டு, 1949 செப்டம்பர் 1-ஆம் தேதி, மத்திய மின்சார வாரியம் பிறந்திருந்தது. காட்டுக்குள் புதிதாகத் தொலைபேசிக் கம்பம் நட்டு, அதைக் காவல் காப்பது யாரால் ஆகும்? உயர்மின் கம்பி ஏற்கெனவே மேலே தொங்குகிறது. அதிலேயே பேச முடிந்தால்?

முடியும். முதல் உலகப் போர் முடிந்த காலத்திலேயே ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அதைச் செய்து பார்த்துவிட்டார்கள். தமிழ்நாட்டு மின்வாரியத்துக்காரர்கள் பி.எல்.சி.சி. என்று சொல்வது இதைத்தான். தந்திரம் இவ்வளவுதான்: மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. பேச்சை ஏற்றிய அலை நொடிக்கு ஏறத்தாழ 50,000 முதல் 5,00,000 முறை அலைகிறது. ஒரே கம்பியில் இரண்டும் சண்டையில்லாமல் போகும். சிக்கல் ஏற்றுவதிலும் இறக்குவதிலும்தான். லட்சம் வோல்ட் கம்பியில் தொலைபேசியை மாட்ட முடியாது அல்லவா?

ஈப்போவைச் சுற்றியுள்ள பெரிய மின்நிலைய வேலிகளுக்கு வெளியே நின்று பார்த்திருப்பீர்கள். கம்பி உள்ளே நுழையும் இடத்தில் கோழிக்கூடு போல, பீப்பாய் போல ஒரு சுருள் தொங்கும். நான் பள்ளி நாளில் அதைப் பெரிய ஸ்பிரிங் என்று நினைத்திருந்தேன். அதுதான் அலைப்பொறி. ஒரு மில்லிஹென்றிச் சுருள் என்று வைத்துக்கொள்வோம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு அது காட்டும் தடை ஓர் ஓமில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வந்தது தெரியாமல் மின்சாரம் போய்விடும். 100 கிலோஹெர்ட்ஸ் பேச்சுக்கோ 628 ஓம். பேச்சு அங்கே முட்டித் திரும்பும். பக்கத்தில் நிற்கிற உயரமான பீங்கான் தூண் மின்தேக்கி. அது நேரெதிர்க் குணம். 50 ஹெர்ட்ஸுக்கு ஆறு லட்சம் ஓமுக்கு மேல் மதில் கட்டும். பேச்சுக்குச் சில நூறு ஓம் மட்டும் வைத்துக் கதவைத் திறந்துவிடும். சுருள் மறிக்க, தூண் இறக்க, குரல் கட்டுப்பாட்டறை மேசைக்கு வந்து சேரும். ஒருவரை மறித்து ஒருவரை விடுவதற்குக் காவலாளி வேண்டாம், வேகம் ஒன்றே போதும் என்பதில் எனக்கு இன்னும் வியப்பு தீரவில்லை.

குரல் மட்டுமா போனது? கம்பியின் இரு முனையிலும் காவல் கருவிகள் உண்டு. நடுவில் எங்கோ மரக்கிளை விழுந்தால் இரு முனையும் ஒரே நேரத்தில் அறுத்துக்கொள்ள வேண்டும். மின்சாரத்தின் ஓர் அலை முடிய 20 மில்லிநொடி. சில அலைகளுக்குள் முடிவு எடுத்தாக வேண்டும். மனிதன் போனை எடுத்து ‘ஹலோ’ சொல்லும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். அதனால் கருவியும் கருவியும் அதே அலையில் பேசிக்கொண்டன. இதில் ஒரு விபரீதம் இருக்கிறது. செய்தி போக வேண்டிய கம்பியே அந்த நேரத்தில் அறுந்து கிடக்கலாம்! அதற்குப் பொறியாளர்கள் ஒரு வகை அமைப்பில் கண்ட வழி அழகானது. பழுது தன் கம்பிக்கு வெளியே என்றால் ஒரு முனை மற்றதற்கு ‘அறுக்காதே’ என்று ஒலி அனுப்பும். ஒலி வந்தால் பொறுத்திரு. வராவிட்டால் அறு. மௌனம் சம்மதம் என்று நம்மவர்கள் கல்யாணப் பேச்சில் சொன்னதை இவர்கள் இரும்பில் செய்து வைத்தார்கள்.

இந்த அலைகளுக்கும் அண்டை வீட்டுத் தகராறு உண்டு. விமானங்களுக்கு வழி காட்டும் பழைய கலங்கரை ஒலிபரப்பிகளும் இதே பட்டையில் இருந்தன. மின் கம்பியோ ஊர் முழுக்க விரித்த ஆன்டெனா. ஆகவே எந்தக் கம்பியில் எந்த எண் என்பதைக் கணக்குப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு கம்பிகளில் ஒரே எண்ணை வைத்தால் ஒரு நிலையத்தின் பேச்சு இன்னொரு நிலையத்தில் புகுந்துவிடும். மழைக்காலத்தில் கம்பி பொரிகிற இரைச்சல் இந்தப் பேச்சின் மீதும் ஏறும். அப்பாவின் பாட்டைத் தின்ற அதே வாய், நிறுவனத்தின் குரலையும் ஓரளவு தின்றுகொண்டுதான் இருந்தது.

1963-இல் தாப்பாவுக்கு உள்ளே ஜோர் என்ற இடத்தில் சுல்தான் யூசுப் நிலையம் ஓடத் தொடங்கியது. கேமரன் மலைத் தண்ணீரைச் சுரங்க வழியாகப் பேராக் பக்கம் இறக்கி, மலைக்குள்ளேயே எந்திர மண்டபம் குடைந்து, 100 மெகாவாட். பாறைக்குள் ரேடியோ அலை நுழையாது. அங்கே வேலை செய்தவர்களுக்கு வெளியுலகம் கேபிள் வழியாகத்தான். மேலே கேமரனில் தேயிலை கிள்ளிய நம் பெண்கள் பார்த்த ஏரித் தண்ணீர், கீழே இருட்டுக்குள் விழுந்து எந்திரம் சுழற்றி, அந்த மின்சாரம் மறுபடி கோபுரம் ஏறி எத்தனையோ தோட்டங்களின் தலைக்கு மேலே போனது. இரண்டு ஆண்டில், 1965 ஜூன் 22-ஆம் தேதி, வாரியத்தின் பெயர் தேசிய மின்சார வாரியம் ஆயிற்று. மலாய்ப் பெயரைச் சுருக்கி நம் வாயில் எல்.எல்.என்.

எல்.எல்.என். என்றதும் சாம்பல் நிற வண்டியா வேறு நிறமா என்று எனக்குக் குழப்பம் வரும். அதன் கூரையில் ஆடிய கம்பி மட்டும் மறக்காது. நிலையத்துக்கு நிலையம் பேச உயர்மின் கம்பி உண்டு. வீதியில் வேலை செய்யும் லைன்மேனுக்கு? அதற்கு வி.எச்.எஃப். ரேடியோ. 150 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஓர் அலையின் நீளம் இரண்டு மீட்டர். அதில் கால் பங்கு, அரை மீட்டர்க் கம்பி போதும், வண்டிக் கூரையில் நட்டுவிடலாம். மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் 6,000 கிலோமீட்டர் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். சென்னையிலிருந்து ஈப்போ வந்து, திரும்பிப் போய், அதற்கு மேலும் மிச்சம் இருக்கும்.

இந்த அலை நேர்கோட்டில் போகிற சாதி. மலை குறுக்கே நின்றால் நிழல் விழும். ஈப்போவில் குன்றுக்கா பஞ்சம்? எனக்குப் பெரியப்பா முறையான ஒருவர் லைன்மேனாக இருந்தார். “கல்லுமலைக் கோயிலைத் தாண்டி அந்தாண்ட போனா முருகன் குரலை மறைச்சிடுவாருடா” என்று சிரிப்பார். சுண்ணாம்புக் குன்றின் மறுபக்கம் போனால் பேச்சு அறுந்துவிடும். வண்டியைப் பத்தடி முன்னே விட்டால் திரும்ப வந்துவிடும். ஊருக்கு மேற்கே கிளேடாங் மலை உச்சியில் கோபுரங்கள் முளைத்ததற்கு இதுதான் காரணம். கீழே பேசுவதை உச்சியில் வாங்கி மறுபடி விட்டால் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். பால்மரக் காட்டுக்குள் இன்னொரு வேடிக்கை. ஈர இலை அலையைக் குடிக்கும். ஆண்டுத் தொடக்கத்தில் மரங்கள் இலை கொட்டி மொட்டையாக நிற்கும் வாரங்களில் பேச்சு துல்லியமாக இருக்குமாம். துளிர் வந்ததும் மந்தமாகுமாம். நெரையில் பால் குறைகிற காலத்தில் காற்றில் பேச்சு கூடியது.

பெரியப்பாவின் வீட்டுப் பேச்சிலும் ரேடியோப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. மலாயில் ‘காந்தி’ என்றால் மாற்றுவது. ரேடியோவில் ‘நான் முடித்துவிட்டேன், நீ பேசு’ என்பதற்கு அந்தச் சொல். பெரியம்மா சண்டை போட்டு மூச்சு வாங்கும்போது அவர் மெதுவாக “காந்தி” என்பார். வீடு சிரிப்பில் உடைந்துபோகும். ஆனால் வேலையில் சிரிப்புக்கு இடமில்லை. இந்தக் கம்பியைத் துண்டித்தாயிற்று என்று மறுமுனை சொன்னால், சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். மறுமுனை ‘ஆமாம்’ என்ற பிறகுதான் கை கம்பியில் படலாம். காதில் விழுந்த எண் ஒன்று மாறினால் உயிர். சீனர், மலாய்க்காரர், தமிழர், மலையாளி என்று நான்கு உச்சரிப்பில் அந்த எண்கள் ஒரே அலையில் போய்வந்தன. அந்தக் காலத்து எல்.எல்.என்.-இல் நம்மவர்கள் எத்தனை பேர் என்பதற்கு இன்றைய ஓய்வூதியக் கூட்டங்களே சாட்சி.

இத்தனைக்கும் கிந்தாவில் எல்.எல்.என். முழு முதலாளி ஆகவில்லை. நாட்டுக்கே ஒரு வாரியம் இருந்தும், பேராக் நதி நிறுவனமும் கிந்தா மின் விநியோக நிறுவனமும் 1982 வரை தனியாக நின்றன. அந்த ஆண்டுதான் வாரியம் அவற்றை வாங்கியது. தஞ்சோங் துவாலாங்கில் இன்று அருங்காட்சியகமாக நிற்கும் ஐந்தாம் எண் ஈயக் கப்பல் வேலையை நிறுத்தியதும் அதே 1982-தான். 1938-இல் கட்டிய கப்பல். எந்த வாய்க்குத் தீனி போட அணை கட்டினார்களோ அந்த வாய்கள் மூடிக்கொண்டிருந்த நேரத்தில் அணை கை மாறியது. அதற்குள் ஆற்றின் மேற்பகுதியில் தெமெங்கோர் எழுந்துவிட்டது. 348 மெகாவாட். கம்யூனிஸ்டுகளுடன் இரண்டாம் சுற்று மோதல் நடந்துகொண்டிருந்த காட்டில் கட்டியது. அதன் கீழே பெர்சியா, கெனெரிங், கடைசியில் கிழட்டுச் செண்டரோ. மேலே ஒருவன் மதகைத் திறந்தால் கீழே மூவருக்குத் தெரிந்தாக வேண்டும். ஒரே ஆற்றில் நான்கு அணை என்பதே ஓயாத பேச்சுதான்.

1990 செப்டம்பர் 1-ஆம் தேதி வாரியம் தெனாகா நேஷனல் ஆனது. அதன் பெரிய சோதனை 1996 ஆகஸ்ட் 3, சனிக்கிழமை மாலை 5.17. திரெங்கானுவில் பாக்கா நிலையத்தின் அருகே ஒரு கம்பி துண்டித்துக்கொள்ள, சரசரவென்று தீபகற்பம் முழுக்க இருண்டது. ஈப்போவில் மெழுகுவர்த்தி தேடியவர்களுக்கு அந்த இரவு நினைவிருக்கும். செத்துக் கிடக்கும் கட்டமைப்பை எழுப்புவது சுவிட்சைப் போடுகிற வேலையல்ல. அனல் நிலையத்தைத் தொடங்கவே மின்சாரம் வேண்டும். நீர்மின் நிலையம் கொஞ்சம் பேட்டரியும் தண்ணீரும் இருந்தால் தானாக எழும். ஒவ்வோர் ஊராகச் சேர்க்கும்போது சுமை கூடினால் எல்லாம் மறுபடி விழும். ஆகவே ஒவ்வொரு படியும் குரலால்தான் நடக்கும்: போடலாமா, போடு, போட்டாயிற்று. ஊரே ஒரே நேரத்தில் கைப்பேசியை எடுக்கும் இரவில் பொது அலைவரிசையை நம்ப முடியுமா? மின் நிலையங்களின் பேச்சுக் கருவிகள் 48 வோல்ட் பேட்டரி வரிசைகளில் ஓடுவதற்குக் காரணம் இதுதான். நாட்டுக்கு விளக்குப் போடுகிறவனின் வாய் மட்டும் அந்த விளக்கை நம்பி இருக்கக் கூடாது.

அதன் பிறகு பேச்சு வேறு இடத்துக்கு ஏறிவிட்டது. கோபுரத்தின் உச்சியில் இடி தாங்க ஒரு கம்பி போகும். அதன் வயிற்றுக்குள் கண்ணாடி இழை வைத்துவிட்டார்கள். அதில் போவது ஒளி, நொடிக்கு ஏறத்தாழ 193 லட்சம் கோடி முறை அலைவது. இடிக்கும் மழைக்கும் அது மசியாது. அலைப்பொறிச் சுருள்களைப் பல நிலையங்களில் கழற்றிவிடும் காலம் வந்துவிட்டது.

ஆனால் கம்பி எட்டாத இடம் இன்னும் உண்டு. அதற்கு ரேடியோ வேண்டும், ரேடியோவுக்கு அலைவரிசை வேண்டும். இங்கேதான் இன்றைய இழுபறி. பொதுத் தொலைபேசி வலையை வாடகைக்கு எடுத்தால் மலிவு. ஆனால் அவர்கள் தலைமுறை மாற்றும்போது நாமும் மாற வேண்டும். மலேசியாவில் 2021 இறுதியோடு 3ஜி மூடப்பட்டதைக் கண்டோம். கைப்பேசி இரண்டு மூன்று ஆண்டில் மாறும், மின்மாற்றி முப்பது ஆண்டு நிற்கும். ஜெர்மனி 2021-இல் 450 மெகாஹெர்ட்ஸ் பட்டையை மின் முதலான அடிப்படைச் சேவைகளுக்கென்றே ஒதுக்கியது. நீண்ட தூரம் போகும், சுவரையும் இலையையும் ஓரளவு துளைக்கும் அலை அது. காட்டுக்கும் செம்பனைக்கும் நடுவே கம்பி இழுக்கிற நமக்கும் அதில் பாடம் உண்டு என்பது என் எண்ணம். பணம் கட்டுகிற தொலைபேசி நிறுவனங்கள் அதே அலைக்கு வரிசையில் நிற்பதும் தெரிகிறது.

நான் இப்போது குடியிருப்பது ஒரு தாமானில். நாற்பது ஆண்டுக்கு முன் அது பால்மரக் காடு. எங்கள் லயம் நின்ற இடம் இங்கிருந்து இரண்டு தெரு. மலாக்காவில் தொடங்கி மாநிலம் மாநிலமாக மாற்றப்படும் புதிய மின்கணக்கிகள் தாங்களே பேசும். சில கைப்பேசி வலையில், சில அடுத்த வீட்டுக் கணக்கியிடம் ரேடியோவில் சொல்லி அது அடுத்ததிடம் சொல்ல, சில வீட்டு மின்கம்பியிலேயே. கடைசி வகை அந்தப் பழைய தந்திரம்தான். ஐரோப்பிய விதிப்படி 95 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பட்டை மின் விநியோகிப்பவர்களுக்கு. அன்று கோபுரத்தில் போன பேச்சு இன்று அடுப்படிச் சுவர் வரைக்கும் இறங்கி வந்திருக்கிறது.

அப்பாவின் டிரான்சிஸ்டரை இன்னும் வைத்திருக்கிறேன். தமிழ் ஒலிபரப்பு பண்பலைக்குப் போய் வெகு காலமாயிற்று. பழைய பட்டையில் பிடிக்க எதுவும் இல்லை. இந்தத் தொடருக்காகப் போன வாரம் புதுப் பேட்டரி போட்டு, மின்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து, முள்ளை இடது கோடிக்குத் தள்ளினேன். கரகரவென்று இரைந்தது. கணக்கியா, கூடத்து எல்இடி விளக்கா, பக்கத்து வீட்டுச் சார்ஜரா, யாருக்குத் தெரியும். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார்.

“இன்னுமாடா அது தின்னுக்கிட்டிருக்கு?”